மரப் பேனா கடைசல்

மரப் பேனா கடைசல் என்பது, நன்கு உலர்ந்த சிறு மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் (லேத்து) சுழலவிட்டு, உளியால் செதுக்கி, தேய்த்து, மெருகேற்றிப் பேனாவின் உடலாக ஆக்கும் கைத்தொழில் ஆகும். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தச்சுப் பட்டறையின் கழிவுத் துண்டுகளைக் கொண்டே இதைக் கற்கலாம். பார்ப்பதற்கு இது உளிப் பழக்கம் மட்டுமே தேவைப்படும் வேலையாகத் தோன்றும். ஆனால் மரப் பேனா எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் பெரும்பகுதி, மரம் இயந்திரத்தில் ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதன் காரணத்தையும் செய்முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பின்னணியும்

தயிர் கடைதல், மரம் கடைதல் ஆகிய இரண்டையும் தமிழில் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறோம். மின்சாரம் வருவதற்கு முன் மரம் கடைந்த முறையைப் பார்த்தால் இதன் பொருத்தம் விளங்கும். மத்தில் கயிற்றைச் சுற்றி மாறிமாறி இழுப்பது போலவே, மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார். மற்றொருவர் உளி பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும். எதிர்த்திசையில் சுழலும்போது உளியைச் சற்று விலக்கிக்கொள்வார்கள். கட்டில் கால், தொட்டில் கட்டை, மத்து, பம்பரம், சொப்புச் சாமான் ஆகியவை இவ்வாறு உருவாயின.

கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா, தமிழ்நாட்டின் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் கடைசல் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றவை. முதல் இரண்டு ஊர்களிலும் பெரிதும் பயன்படுவது வெட்பாலை மரம். சுழலும் பொம்மையின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள். பேனாவுக்கு அரக்கு மெருகு ஏற்றும் முறையும் இதே அடிப்படையில் அமைந்ததே.

கடைந்து செய்யும் பேனாவும் இந்தியாவுக்குப் புதிதன்று. ராஜமுந்திரியில் கே.வி. ரத்தினம் 1930களில் உள்நாட்டிலேயே பேனா செய்தார். 1935இல் காந்தியடிகள் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில் திருவள்ளூரில் உள்ள ரங்கா பேனா நிறுவனத்தார் எபோனைட் தண்டுகளைக் கையால் கடைந்து மைப்பேனா செய்கின்றனர். எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். அது மையை உறிஞ்சாது, ஈரத்தால் உப்பாது. மரம் இரண்டும் செய்யும். மரப் பேனாவின் சிக்கல்கள் யாவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

தியாகதுருகம் வட்டாரம்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் மலைக்கோட்டையின் அடியில் அமைந்த பேரூர். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை நிற்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வ உருவங்கள், கதவுகள், அலங்காரப் பலகைகள் செதுக்கும் பட்டறைகள் இவ்வட்டாரத்தில் உள்ளன.

சிற்பம் செதுக்கும்போதும் கதவு, நிலை செய்யும்போதும் ஒரு சாண் நீளமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள துண்டுகள் மிஞ்சும். இவை பெரும்பாலும் அடுப்புக்குப் போய்விடுகின்றன. ஒரு பேனாவுக்குத் தேவையான மரத்தின் அளவோ சுமார் 20 மி.மீ. சதுரமும் 130 மி.மீ. நீளமும்தான். அடுப்புக்குப் போகும் துண்டே பேனாவுக்கான மூலப்பொருள் என்பதால், இத்தொழிலைக் கற்க மரம் வெட்டவும் தேவையில்லை, வாங்கவும் தேவையில்லை.

மரப் பேனாவின் அமைப்பு

தொடக்கநிலையில் கற்கும் பேனா, முறுக்கினால் முனை வெளிவரும் பந்துமுனைப் பேனா. இதன் உலோக உறுப்புகள் தொகுப்பாகக் கிடைக்கின்றன. முனைக்கூம்பு, முறுக்குப் பொறி, நடுவளையம், சட்டைப்பைக் கவ்வி, தலைமூடி, ரீஃபில், இரண்டு பித்தளைக் குழாய்கள் ஆகியவை அதில் இருக்கும். மிகப் பரவலான மெல்லிய வகையில் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 7 மி.மீ.; ஒவ்வொன்றின் நீளம் சுமார் 53 மி.மீ.

மரத்தில் துளையிட்டு, குழாயை உள்ளே ஒட்டி, வெளிப்புறத்தைக் கடைகிறோம். முனைகளில் பேனாவின் விட்டம் சுமார் 8.4 மி.மீ. ஆக முடியும். இதிலிருந்து துளையின் 7 மி.மீ. போக மீதி 1.4 மி.மீ.; பக்கத்துக்கு 0.7 மி.மீ. மட்டுமே மரம். ஓர் அட்டையின் தடிமன் உள்ள மரத்தோல்தான் பித்தளையைப் போர்த்தியிருக்கிறது.

இப்போது ஈரத்தைக் கவனிக்க வேண்டும். மரம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஏற்று உப்பும். கோடையில் ஈரத்தை இழந்து சுருங்கும். இந்த மாற்றம் இழையின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். பித்தளையோ ஈரத்தால் மாறுவதில்லை. ஈரம் மிச்சமிருக்கும் மரத்தைக் கடைந்தால், அது பின்னர் உலர்ந்து சுருங்கும்போது உள்ளே இருக்கும் குழாய் இடம்கொடுக்காது. 0.7 மி.மீ. மரத்தோல் அந்த இழுவையைத் தாங்காமல் நீளவாக்கில் பிளக்கும். ஐப்பசி மழையில் பளபளவென்று கடைந்த பேனா சித்திரை வெயிலில் வெடிப்பது இதனால்தான். இங்கே குற்றம் உளியிலும் இல்லை, மெருகிலும் இல்லை.

மரத் தேர்வு

பேனாவுக்கு வைரம் பாய்ந்த, இழை நெருக்கமான, முடிச்சும் வெடிப்பும் இல்லாத துண்டு ஏற்றது.

வெட்பாலை: வெண்மையானது, இழை மிக நெருக்கம். உளிக்கு எளிதில் பணியும். முதல் பேனாவுக்கு உகந்தது. வெள்ளை நிறத்தில் விரல் அழுக்கு விரைவில் தெரியும்.

பூவரசு: வைரப்பகுதி பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம் கொண்டது. வழவழப்பாகக் கடையலாம்.

தேக்கு: நிலையானது, எளிதில் கிடைப்பது. இதில் உள்ள மணல்தன்மையான சிலிக்கா உளியின் கூரை விரைவில் மழுக்கும். எண்ணெய்ப்பசை இருப்பதால், பசை தடவும் முன் துளையின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

புளி: வெளிர் நிறம், கடினம். பூஞ்சை படர்ந்து கருங்கோடு விழுந்த புளியங்கட்டை பேனா செய்வோரால் விரும்பப்படுகிறது. மெத்தென்று மக்கிய பகுதியை மட்டும் தவிர்க்க வேண்டும்.

கருவேலம்: வண்டி உறுப்புக்கும் கலப்பைக்கும் பயன்பட்ட மரம். கடினமானதால் உளியை அடிக்கடி தீட்ட நேரும்.

சீமைக்கருவேலம்: ஏரியிலும் கரம்பிலும் மண்டி, விறகுக்கும் கரிக்கும் மட்டுமே ஆகும் என்று தள்ளப்பட்ட மரம். இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாசு பகுதிக் கடைசல்காரர்கள் உயர்வாக மதிக்கின்றனர். ஈரமாற்றத்தால் அது சுருங்குவது மிகக் குறைவு; எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே சீராகச் சுருங்கும். சீமைக்கருவேலத்திலும் இப்பண்பு உண்டு. பழுப்பு நிற வைரப்பகுதி மெருகில் அழகாகத் தெரியும். முற்றிய அடிக்கட்டையில் நல்ல துண்டு கிடைக்கும். முள்ளையும் பூச்சித் துளையையும் கவனித்து எடுக்க வேண்டும்.

சட்டம் தொடர்பான எச்சரிக்கை

சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றில் செய்த பேனா விலைபோகும் என்பதால் கற்போர் சிலர் அவற்றைத் தேடுகின்றனர். கல்வராயன் மலைக் காப்புக்காடுகளிலிருந்து அனுமதியின்றி எந்த மரத்தையும் எடுத்துவருவது குற்றம். செம்மரமும் ஈட்டியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உள்ளன. செம்மரத்தின் பின்னால் உள்ள துயரத்தை இம்மாவட்டம் அறியும். கல்வராயன் மலை ஊர்களிலிருந்து கூலிக்குச் சென்ற பலர் ஆந்திரத்தில் செம்மர வழக்குகளில் சிறைப்பட்டுள்ளனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத துண்டு எவ்வளவு சிறியதாயினும் அதை வாங்காமல் இருப்பதே முறை. கருங்காலி என்ற பெயரில் கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு மரமும் விற்கப்படுகிறது. அதன் மூலையைச் சற்றுச் சீவிப் பார்த்தால் உள்நிறம் உண்மையைச் சொல்லிவிடும்.

உலர்த்துதல்

பச்சை மரத்தை நேரடியாக வெயிலில் போடக் கூடாது. முனைகள் விரைந்து காய்ந்து வெடிக்கும். துண்டுகளை 22 முதல் 25 மி.மீ. சதுரமாக அறுத்து, இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவி, காற்றோட்டமான நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்க வேண்டும். பல மாதங்கள் ஆகும். கடின மரத்துக்கு இன்னும் கூடுதலாகும்.

மரம் உலர்ந்ததா என்பதை நாட்கணக்கால் சொல்ல முடியாது. எடையால் அறியலாம். ஒரு துண்டு 40 கிராம் அளவே இருப்பதால், 10 துண்டுகளை ஒன்றாகக் கட்டி, சமையலறைத் தராசில் 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத காலத்தில் அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக இருந்தால் மரம் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது எனலாம்.

துல்லியமாக அறிய, ஒரு துண்டைத் தியாகம் செய்யலாம். அதை எடைபோட்டு, சுமார் 103 பாகை செல்சியசு வெப்பத்தில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து, மீண்டும் எடைபோட வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் எடை 46 கிராம், முழுதும் காய்ந்தபின் 40 கிராம் என்றால், இழந்த நீர் 6 கிராம். 6ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரப்பதம் 15 விழுக்காடு. பேனாவுக்கு 8 முதல் 12 விழுக்காடு நல்லது. ஆகவே இந்த மரம் இன்னும் காத்திருக்க வேண்டும்.

கருவிகள்

மேசைமேல் வைக்கும் சிறிய மரக் கடைசல் இயந்திரம் போதும். இரும்புப் பட்டறை லேத்தில் வெட்டுக்கருவி இயந்திரத்திலேயே இறுக்கப்பட்டிருக்கும். மரக் கடைசலில் உளியைக் கையால் பிடித்து, உளித்தாங்கியின் மேல் ஊன்றி வெட்டுகிறோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசலர் பிரிவு படித்தவரும் இந்தக் கைப்பழக்கத்தைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும்.

இரண்டு உளிகள் அடிப்படை. சதுரத்தை உருளையாக்க வளைவாய் உளி. வழவழப்பாக்கச் சாய்வாய் உளி. இவற்றுடன் மாண்ட்ரல் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பி, அளவு காட்டும் புஷ் எனப்படும் வளையங்கள், 7 மி.மீ. டிரில் பிட், முனை சமன்செய்யும் வெட்டுக்கருவி, வெர்னியர் காலிப்பர், உப்புத்தாள், சாணைக்கல் ஆகியவையும் வேண்டும்.

செய்முறை

1. அறுத்தல்: துண்டை இரண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் குழாயைவிட 3 மி.மீ. நீளமாக இருக்கட்டும். அறுக்கும் முன் ஒரு பக்கத்தில் பென்சிலால் கோடிட்டால், பின்னர் இரு பாதிகளின் இழையும் தொடர்ந்து செல்லுமாறு பொருத்தலாம்.

2. துளையிடுதல்: துண்டைப் பிடிகருவியில் நேராக இறுக்கி, நடுவில் 7 மி.மீ. துளை இட வேண்டும். 10 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளை நீக்க வேண்டும். தூள் அடைத்தால் வெப்பம் ஏறி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

3. குழாய் ஒட்டுதல்: பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பாகக் கலவையான எப்பாக்சிப் பசை தடவி, சுழற்றியவாறே உள்ளே செலுத்த வேண்டும். பசை குழாயினுள் புகாதிருக்க, முனையை உருளைக்கிழங்கு வில்லையில் ஒருமுறை அழுத்தி அடைத்துக்கொள்வது எளிய வழி. ஒரு நாள் முழுவதும் இறுக விட வேண்டும். பசை இல்லாத இடைவெளி பின்னாளில் வெடிப்பின் தொடக்கமாகும்.

4. முனை சமன்செய்தல்: மரத்தின் முனை குழாயின் விளிம்போடு செங்குத்தாகச் சேரும் வரை சீவ வேண்டும். பித்தளை மின்னத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். குழாயைக் குறைக்கக் கூடாது.

5. கடைதல்: இரு துண்டுகளையும் புஷ்களோடு மாண்ட்ரலில் கோத்து, அளவாக இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் கம்பி வளைந்து, பேனா ஒருபக்கம் தடித்துப் போகும். உளித்தாங்கியை மரத்திலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுழற்றி இடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே விசையைப் போட வேண்டும். உளியின் அடிச்சரிவு முதலில் மரத்தைத் தொட வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்முனை வெட்டத் தொடங்கும். தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடம் நோக்கியே வெட்ட வேண்டும். எதிர்த்திசையில் போனால் இழை கிளம்பிப் பெயரும். கூரான உளி சுருள் சுருளாகச் சீவும். வெறும் தூள் பறந்தால் உளியைத் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வேகம் குறித்து ஒரு கணக்கு: 20 மி.மீ. விட்டமுள்ள துண்டு நிமிடத்துக்கு 2000 சுற்று சுழன்றால், அதன் புறப்பரப்பு நொடிக்குச் சுமார் 2.1 மீட்டர் நகர்கிறது. அதே சுற்றில் 300 மி.மீ. விட்டமுள்ள மரக்கிண்ணம் நொடிக்கு 31 மீட்டருக்கும் மேல், அதாவது மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் நகரும். எனவே பேனாவுக்குப் பொருந்தும் சுற்று பெரிய மரத்துக்கு ஆபத்து. கற்பவர் சதுரத்தை உருளையாக்கும் வரை 1500 சுற்றுக்குள் வைத்துக்கொண்டு பிறகு கூட்டுவது நல்லது.

6. தேய்த்தல்: உளித்தாங்கியை அகற்றிவிட்டு 150, 220, 320, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாள் போட வேண்டும். ஒவ்வொரு எண் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, நீளவாக்கில் ஒருமுறை தேய்க்க வேண்டும். இது சுற்றுக்கீறல்களை நீக்கும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் அக்கீறல் மெருகில் பளிச்சென்று தெரியும்.

7. மெருகேற்றல்: ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை (தச்சர் மொழியில் பிரெஞ்ச் பாலிஷ்) காகிதத் துண்டில் தொட்டு, சுழலும் மரத்தில் மெல்ல அழுத்தினால் வெப்பத்தில் படியும். மூன்று நான்கு பூச்சு போதும். இது விரைவில் பளபளக்கும். ஆனால் கை வியர்வையில் சில மாதங்களில் மங்கும். தினமும் எழுதும் பேனாவுக்கு உடனொட்டுப் பசையான சயனோஅக்ரிலேட்டை மெல்லிய பூச்சுகளாக ஏற்றித் தேய்ப்பது நீடித்து உழைக்கும். மெருகு ஈரம் புகுவதைத் தாமதப்படுத்தும்; முற்றிலும் தடுக்காது. சரியாக உலராத மரத்தை எந்த மெருகும் காப்பாற்றாது.

8. பொருத்துதல்: கீழ்ப்பாதியின் ஒரு முனையில் முனைக்கூம்பையும் மறுமுனையில் முறுக்குப் பொறியையும் நேராக அழுத்த வேண்டும். பொறியைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ரீஃபிலைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிகம் இறங்கிவிட்டால் முனை உள்ளே திரும்பாது. பிறகு மேல்பாதியில் கவ்வியையும் தலைமூடியையும் அழுத்தி, நடுவளையத்தை இட்டுச் சேர்க்கலாம்.

மரத்தில் மைப்பேனா செய்வோர், மை படும் இடத்தில் எபோனைட் போன்ற உறிஞ்சாத பொருளை வைத்து, வெளியுறைக்கு மட்டுமே மரத்தைப் பயன்படுத்துவது வழக்கம்.

வழக்கமான பிழைகள்

நீளவாக்கில் வெடிப்பு: ஈரமரம், அல்லது துளையிடும்போது ஏறிய வெப்பம்.

மரம் குழாயிலிருந்து கழலுதல்: பசைக்குறைவு, அல்லது துடைக்காத எண்ணெய்ப்பசை.

முட்டைவடிவ முனை: மாண்ட்ரலின் மிகை இறுக்கம்.

வளையத்துக்கும் மரத்துக்கும் இடையே படி: புஷ்சின் அளவுக்கு முன்பே நிறுத்தியது, அல்லது தேய்க்கும்போது அளவு மீறியது.

பாதுகாப்பு

கையுறை அணியக் கூடாது. சுழலும் மரம் துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, வளையல், கைக்கயிறு ஆகியவற்றைத் தவிர்த்து, முடியை இறுகக் கட்ட வேண்டும். மெருகேற்றவும் துணிக்குப் பதில் காகிதமே பயன்படுத்த வேண்டும். சிக்கினால் அது கிழிந்துவிடும். கண்ணாடி அல்லது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். தேய்க்கும்போது நல்ல மூக்குக்கவசம் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். மாணவர்கள் பழகிய ஒருவர் அருகில் இல்லாமல் இயந்திரத்தை இயக்கக் கூடாது.

கற்கும் வழி

முதல் நாளே பேனா செய்ய முயல்வதைவிட, துளையில்லாத விறகுத் துண்டுகளை உருளையாக்கிப் பழகுவது சிறந்தது. ஒரு பம்பரம் கடைந்தால் வளைவாய் உளியின் போக்கும், ஒரு மத்துக் கோல் கடைந்தால் சாய்வாய் உளியின் போக்கும் கைவரும். அதன்பின் வெட்பாலையில் ஒரு பேனா, சீமைக்கருவேலத்தில் ஒரு பேனா செய்து பார்க்கலாம்.

ஒவ்வொரு பேனாவுக்கும் மரத்தின் பெயர், எங்கே கிடைத்தது, கடைந்த நாள், கடைவதற்கு முன் கடைசி எடை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் அப்பேனாக்களை எடுத்துப் பார்த்தால், எது வெடித்தது, எது நிலைத்தது, ஏன் என்பது குறிப்பேட்டிலேயே விளங்கும். விற்கக் கருதுவோர் அதுவரை பொறுத்திருப்பது நல்லது. ஓராண்டு தாங்கிய பேனாவைப் போலவே செய்ததைத்தான் வாங்குபவரிடம் நம்பிக் கொடுக்க முடியும்.